அமெரிக்க அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது: மாணவர் தகவல் எங்கே போகிறது, யார் காக்கிறார்கள், நீங்கள் என்ன செய்ய வேண்டும்

அமெரிக்காவில் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கும் அன்று ஒரு குடும்பம் எழுதிக் கொடுக்கும் விவரம் கொஞ்சநஞ்சமல்ல. பிறந்த தேதி, வீட்டு முகவரி, தடுப்பூசிப் பதிவு, அப்பா அம்மாவின் போன் எண்கள், அவசரத்துக்கு அழைக்க இரண்டு பேர், வீட்டில் பேசும் மொழி. வருடங்கள் போகப் போக இதோடு மதிப்பெண், வருகைப் பதிவு, நர்ஸ் அறைக்குப் போன நேரம், கவுன்சிலர் எழுதிய குறிப்பு, சாப்பாட்டுக் கணக்கு, கற்றல் ஆப்களில் பிள்ளை அழுத்திய ஒவ்வொரு விடையும் சேரும். இதற்கெல்லாம் பொறுப்பு பள்ளிக்கு மேலே இருக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்ற உள்ளூர்ப் பள்ளி நிர்வாகம். நாடு முழுக்க 13,000-க்கு மேல் டிஸ்ட்ரிக்ட்கள் இருக்கின்றன. லட்சக்கணக்கில் மாணவர்கள் படிக்கும் டிஸ்ட்ரிக்ட்டில் தகவல் பாதுகாப்புக்கென்றே ஓர் அதிகாரி இருப்பார். சில நூறு பேர் படிக்கும் ஊரில் பிரிண்டர் ரிப்பேர் பார்ப்பவர்தான் இதையும் பார்ப்பார்.

அடிப்படை 1974-ல் வந்த ஃபெர்பா என்ற மத்தியச் சட்டம். மத்தியக் கல்வித் துறையிடம் நிதி வாங்கும் பள்ளிகள் எல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவை. பிள்ளையின் பதிவேட்டைப் பார்க்கலாம், தவறு இருந்தால் திருத்தக் கேட்கலாம், உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வெளியாருக்குக் கொடுக்கக்கூடாது: பெற்றோருக்கு இந்த மூன்று உரிமைகள். கடைசி உரிமைக்கு விதிவிலக்குகள் நிறைய, அவற்றில்தான் விஷயமே இருக்கிறது. பிள்ளைக்கு 18 வயது ஆனாலோ கல்லூரியில் சேர்ந்தாலோ மூன்றும் பிள்ளையின் கைக்குப் போய்விடும். தனியார் பள்ளிகள் பெரும்பாலும் ஃபெர்பாவுக்குள் வராது. வார இறுதியில் நடக்கும் தமிழ்ப் பள்ளிகளும் அப்படித்தான். அங்கே கொடுக்கும் விவரத்துக்கு அந்த நிர்வாகக் குழுவின் விதியே விதி.

சட்டம் இருக்கிறதே என்று சும்மா இருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. பாதிப் பாதுகாப்பு டிஸ்ட்ரிக்ட் நிறுவனங்களோடு போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. மீதிப் பாதி பெற்றோர் தேதி தவறாமல் கொடுக்கும் இரண்டு மூன்று படிவங்களில்.

சேர்க்கும் நாளில்

பள்ளி கட்டாயமாகக் கேட்பவை பொதுவாக மூன்று: வயதுச் சான்று, அந்த எல்லைக்குள் குடியிருப்பதற்கான சான்று, தடுப்பூசிப் பதிவு. நம் ஆட்கள் ஒரு கோப்பு நிறைய விசா நகல், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), எச்-1பி வேலை விசாவின் அனுமதிக் கடிதம் என்று எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்கள். தேவையில்லை. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று 1982-ல் பிளைலர் எதிர் டோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுப் பள்ளிக்கு உங்கள் விசா வகை தெரிய வேண்டிய காரணமே இல்லை. வயதுச் சான்றாகப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் புகைப்படம் உள்ள பக்கம் மட்டும் போதும். ஆங்கிலமும் சேர்ந்து அச்சிட்ட பிறப்புச் சான்றிதழ் இருந்தால் பாஸ்போர்ட்டை வெளியே எடுக்கவே வேண்டாம். குடியிருப்புச் சான்றுக்கு லீஸ் அல்லது மின்சார பில் கொடுங்கள். சம்பள ஸ்டப்பும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் முகவரியைவிட அதிகமாகப் பேசும்.

சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு (வரி, கடன் போன்றவற்றுக்குக் கேட்கும் அரசு அடையாள எண்) இடம் விட்டிருக்கும் படிவங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அந்த எண் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது. கேட்பதானால், கொடுப்பது உங்கள் விருப்பம் என்பதையும், எந்தச் சட்டப்படி கேட்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும். எச்-4 விசாவில் (எச்-1பி-காரரின் குடும்பத்துக்கான விசா) வந்த பிள்ளைக்கு அந்த எண்ணே கிடையாது, கட்டத்தை வெறுமையாக விடுங்கள். இங்கேயே பிறந்த பிள்ளைக்கு எண் இருக்கும், அப்போதும் வெறுமையாகவே விடலாம். பள்ளியின் சொந்த மாணவர் எண் ஒன்று தானாக வரும், படிப்புக்கு அது போதும்.

இரண்டு சின்ன விஷயங்கள் பின்னால் பெரிய தொல்லை தரும். ஒன்று தேதி. நாம் 05/08 என்று எழுதினால் ஆகஸ்ட் 5, அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது மே 8. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். இரண்டாவது பெயர். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்து விசாவில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியாது) என்று வந்திருக்கும் பிள்ளைகள், அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருப்பவர்கள், இனிஷியலோடு எழுதுபவர்கள் எல்லாரும் ஒரே வடிவத்தை முடிவு செய்து எல்லாப் படிவத்திலும் அதையே எழுத வேண்டும். பெயரும் தேதியும் பொருந்தாவிட்டால் கணினியில் ஒரே பிள்ளைக்கு இரண்டு பதிவு உருவாகும். அதைச் சரிசெய்கிறேன் என்று யாரோ இரண்டு பதிவுகளை இணைக்கும்போது, அதே பெயருள்ள வேறு பிள்ளையின் பதிவோடு கலந்துவிடுவது உண்டு. அப்புறம் அந்த வீட்டுக்காரர் உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்ப்பார்.

வீட்டு மொழி பற்றிய படிவத்தில் தமிழ் என்றே உண்மையை எழுதுங்கள். அதன் பேரில் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் சோதனை வைப்பார்கள், நன்றாகச் செய்தால் அத்தோடு முடிந்தது. இதற்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லை.

அவசரத் தொடர்பாகப் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக் கொடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளையை அழைத்துப் போகும் உரிமை, அவசர அழைப்பு, பெற்றோர் போர்ட்டலில் நுழையும் உரிமை ஆகிய மூன்றும் தனித்தனிக் கட்டங்கள். போர்ட்டல் கட்டத்தில் அப்பா, அம்மா, பாதுகாவலர் தவிர யாரும் இருக்கக் காரணமில்லை. ஆவணங்களைப் பள்ளிச் செயலாளரின் சாதாரண ஈமெயிலுக்கு ஸ்கேன் செய்து அனுப்பாதீர்கள். அந்த இணைப்பு அவருடைய மெயில் பெட்டியில் வருடக்கணக்கில் கிடக்கும். டிஸ்ட்ரிக்ட்டின் சேர்க்கைத் தளத்தில் ஏற்றுங்கள், அல்லது நேரில் காட்டிவிட்டு மூலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

டைரக்டரி தகவல்: தேதிதான் முக்கியம்

பள்ளி திறந்த சில நாட்களில் ஒரு வருடாந்திர அறிவிப்பு வரும். 40 பக்கக் கையேட்டுக்குள் எங்காவது புதைந்திருக்கும், அல்லது ஆன்லைன் படிவத்தில் 'ஏற்கிறேன்' என்று தட்டிவிட்டுப் போகும் பக்கமாக இருக்கும். அதில் டைரக்டரி தகவல் என்ற பகுதியைத் தேடுங்கள். வெளியே தெரிந்தால் தீங்கில்லை என்று டிஸ்ட்ரிக்ட் கருதும் விவரங்களின் பட்டியல் அது: பெயர், முகவரி, போன், ஈமெயில், புகைப்படம், பிறந்த தேதி, பிறந்த இடம், விளையாட்டுக் குழு வீரரின் உயரம் எடைகூட இருக்கலாம். சட்டம் அனுமதிக்கும் இந்தப் பட்டியலில் எவற்றைச் சேர்ப்பது என்பது ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டின் முடிவு. சோஷியல் செக்யூரிட்டி எண்ணைச் சேர்க்க முடியாது.

பட்டியலில் உள்ளதை உங்கள் சம்மதம் கேட்காமலே கொடுக்கலாம். வேண்டாம் என்றால் குறித்த நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் இதற்குச் சில வாரங்கள்தான் அவகாசம், அதுவும் ஒவ்வொரு கல்வியாண்டும் புதிதாக. தேதி தவறினால் அதற்குள் வெளியே போனதைத் திரும்பப் பெற வழியில்லை.

எழுதிக் கொடுக்கும் முன் அலுவலகத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மறுப்பு மொத்தமாகவா, பகுதி பகுதியாகவா? மொத்தம் என்றால் இயர்புக் என்ற ஆண்டு மலரில் படம் வராது, பரிசளிப்பு நிகழ்ச்சி நிரலில் பெயர் இருக்காது, பட்டமளிப்புப் பட்டியலிலும் விடுபடும். மே மாதத்தில் பிள்ளை அழுதுகொண்டு வந்து கேட்கும்போதுதான் பல பெற்றோருக்கு இது தெரிகிறது. சில டிஸ்ட்ரிக்ட்கள் 'இயர்புக்குக்குச் சரி, வெளி நிறுவனங்களுக்கு வேண்டாம்' என்று பிரித்துக் கொடுக்க விடுகின்றன, குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டும் என்று வரையறுக்கவும் சட்டம் இடம் தருகிறது. அப்படிப் பிரிக்கும் வசதி இருந்தால் முகவரி, போன், பிறந்த தேதி மூன்றையும் மறுத்துவிட்டு இயர்புக்கை விட்டுவைப்பதே நல்லது. ஒன்று மட்டும் தெளிவு: எப்படி மறுத்தாலும் வகுப்பறைக்குள் பிள்ளையின் பெயரும் பள்ளி ஈமெயிலும் தெரியாமல் வைக்க முடியாது.

உயர்நிலைப் பள்ளியில் இதோடு இன்னொரு படிவம். ராணுவத்தில் ஆள் சேர்ப்பவர்கள் கேட்டால் மாணவர்களின் பெயர், முகவரி, போன் எண்ணைப் பள்ளி கொடுக்க வேண்டும் என்று மத்தியக் கல்விச் சட்டம் சொல்கிறது. வேண்டாம் என்று தனியாக எழுதிக் கொடுக்கலாம். குடியுரிமை இல்லாத பிள்ளையின் பெயரும் அந்தப் பட்டியலில் போகும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு பெற்றோர் எல்லாப் பிள்ளைகளின் படத்தையும் பிறந்தநாளையும் போடுவதை இந்தச் சட்டம் தடுக்காது. ஃபெர்பா பள்ளியைத்தான் கட்டுப்படுத்தும்.

டிஸ்ட்ரிக்ட்டுக்குள் நடப்பது

விவரமெல்லாம் மாணவர் தகவல் அமைப்பு என்ற ஒரே மென்பொருளில் குவிகிறது. பவர்ஸ்கூல், இன்ஃபினிட் கேம்பஸ், ஸ்கைவர்ட் ஆகியவை பரவலாக உள்ளவை. நீங்கள் மதிப்பெண் பார்க்கும் போர்ட்டல் அதன் வெளி வாசல். உள்ளே யார் எதைப் பார்க்கலாம் என்பது பொறுப்பைப் பொறுத்தது: ஆசிரியருக்குத் தன் வகுப்புப் பிள்ளைகள், நர்ஸுக்கு மருத்துவக் குறிப்பு, பதிவாளருக்கு முகவரி. கல்வி சார்ந்த நியாயமான தேவை இருக்கிறவர்தான் பார்க்கலாம் என்பது சட்டத்தின் அளவுகோல். நர்ஸ் வைத்திருக்கும் பதிவு ஹிப்பா என்ற மருத்துவச் சட்டத்தில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அரசுப் பள்ளியில் பொதுவாக அதுவும் ஃபெர்பாவுக்குள் வரும் கல்விப் பதிவே.

தப்பு நடப்பது பெரும்பாலும் இந்த வாசல்களில். துணை முதல்வராக மூன்று மாதம் பொறுப்பேற்றவர் மறுபடி ஆசிரியராகிறார், பழைய அனுமதி அப்படியே தங்கிவிடுகிறது. மாற்று ஆசிரியருக்குப் பாஸ்வேர்டை மஞ்சள் தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது எக்செல் கோளாறு. சுற்றுலாவுக்கு வரும் பிள்ளைகளின் பட்டியலை ஓர் ஆசிரியர் தகவல் அமைப்பிலிருந்து இறக்குகிறார். பிறந்த தேதி, மதிய உணவுச் சலுகை, சிறப்புக் கல்விக் குறியீடு இருக்கும் மூன்று பத்திகளை மறைத்துவிட்டு எல்லாப் பெற்றோருக்கும் அனுப்புகிறார். மறைத்த பத்தியை யார் வேண்டுமானாலும் இரண்டே கிளிக்கில் திறந்துவிடலாம். அப்படி ஒரு கோப்பு உங்களுக்கு வந்தால் மற்றவர்களுக்கு அனுப்பாமல் ஆசிரியருக்கும் முதல்வருக்கும் உடனே தெரிவித்துவிட்டு அழித்துவிடுங்கள்.

அந்த அமைப்பிலிருந்து தகவல் வெளி ஆப்களுக்குப் போகும் குழாய் வேறு. கிளெவர், கிளாஸ்லிங்க் போன்ற இடைநிலைச் சேவைகள் வகுப்புப் பட்டியலைத் தானாக ஆப்களுக்கு அனுப்பி வைக்கும். எந்த ஆப்புக்கு எந்த விவரம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். கணக்குப் பயிற்சி ஆப்புக்குப் பெயர், வகுப்பு, பள்ளி ஈமெயில் போதும். அவசரத்தில் எல்லாவற்றையும் பகிர் என்று விட்டால் வீட்டு முகவரியும் அம்மாவின் போன் எண்ணும் கூடப் போய்ச் சேரும்.

ஒப்பந்தம்: எல்லாம் இங்கேதான்

பெற்றோரைக் கேட்காமல் ஒரு நிறுவனத்துக்கு எப்படி இதையெல்லாம் கொடுக்க முடிகிறது? ஃபெர்பாவில் பள்ளி அலுவலர் விதிவிலக்கு என்று ஒன்று உண்டு. பள்ளியின் சொந்த ஊழியர் செய்திருக்க வேண்டிய வேலையை நிறுவனம் செய்ய வேண்டும். தகவலைப் பயன்படுத்துவதிலும் வைத்திருப்பதிலும் பள்ளியின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கொடுத்த நோக்கத்தைத் தாண்டிப் பயன்படுத்தவோ வேறு யாருக்கும் தரவோ கூடாது. இவை பொருந்தினால் அந்த நிறுவனமும் ஒரு பள்ளி அலுவலர் மாதிரி. நேரடிக் கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு உயிர் கொடுப்பது ஒப்பந்தம். ஒப்பந்தம் இல்லாமல் ஓர் ஆசிரியர் இலவச ஆப் ஒன்றைக் கண்டுபிடித்து, 'ஏற்கிறேன்' என்று தட்டி, 28 பிள்ளைகளின் பெயரை ஏற்றினால், நிறுவனம் எழுதிய நிபந்தனைதான் ஒப்பந்தம். டிஸ்ட்ரிக்ட்டில் யாருக்கும் அந்த ஆப் இருப்பதே தெரியாது.

13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளிடம் இணையத்தில் தகவல் வாங்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது 1998-ன் காப்பா சட்டம். கல்வி நோக்கத்துக்கு மட்டும் என்றால் பெற்றோர் சார்பில் பள்ளியே சம்மதம் தரலாம் என்பது நடைமுறை. விளம்பரத்துக்குத் தர முடியாது. எட்மோடோ என்ற கற்றல் தளம் பிள்ளைகளின் தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதாகவும், சம்மதம் வாங்கும் பொறுப்பைப் பள்ளிகள் தலையில் கட்டியதாகவும் 2023-ல் மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கூர்மை. கலிஃபோர்னியா 2014-ல் இயற்றிய சோபிபா, மாணவர் தகவலை விற்கவும் அதை வைத்து விளம்பரம் குறிவைக்கவும் நிறுவனங்களுக்குத் தடை போட்டது. பல மாநிலங்கள் அதைப் பார்த்து எழுதின. நியூயார்க்கின் 2-டி சட்டப்படி ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் பெற்றோர் உரிமை சாசனம் வெளியிட வேண்டும், தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். இல்லினாயில் 2021 ஜூலை முதல், எந்தெந்த நிறுவனங்களோடு ஒப்பந்தம் என்ற பட்டியலை டிஸ்ட்ரிக்ட் தன் தளத்தில் போட்டே ஆக வேண்டும்.

உங்கள் பிள்ளை பயன்படுத்தும் ஆப்களைப் பார்க்கும் வழி இது. முதலில் பிள்ளையின் லேப்டாப்பைத் திறந்து எந்தெந்த ஆப்களில் நுழைகிறான் என்று எழுதுங்கள், பத்துப் பதினைந்து வரும். பிறகு டிஸ்ட்ரிக்ட் தளத்தில் மாணவர் தகவல் தனியுரிமை அல்லது அனுமதிக்கப்பட்ட ஆப்கள் என்று தேடுங்கள். இல்லையென்றால் ஸ்டூடண்ட் டேட்டா பிரைவசி கன்சார்ட்டியம் என்ற கூட்டமைப்பின் தளத்தில் மாநிலத்தையும் டிஸ்ட்ரிக்ட்டையும் தேர்ந்தெடுங்கள். பல மாநிலங்களின் டிஸ்ட்ரிக்ட்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் அங்கே பிடிஎஃப்பாகவே கிடைக்கும். இந்தக் கூட்டமைப்பு 2020-ல் வெளியிட்ட தேசியப் பொது ஒப்பந்தத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஒரு டிஸ்ட்ரிக்ட் பேசி முடித்ததை, நிறுவனம் ஒப்பந்தத்தின் ஈ (E) இணைப்பில் கையெழுத்திட்டிருந்தால், அதே மாநிலத்தின் மற்ற டிஸ்ட்ரிக்ட்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். வக்கீல் வைத்துக்கொள்ள வசதி இல்லாத சின்ன டிஸ்ட்ரிக்ட்களுக்கு இது பெரிய உதவி.

முழு ஒப்பந்தத்தையும் படிக்க வேண்டாம். பி (B) இணைப்புக்குப் போங்கள். நிறுவனம் வாங்கும் விவரங்களுக்கு நேராகச் சின்னச் சின்னக் கட்டங்களில் குறி போட்டிருக்கும்: வருகை, மதிப்பீடு, நடத்தை, பெற்றோர் தொடர்பு, மாணவர் முகவரி, சிறப்புக் குறியீடு, இன்னும் பல. எழுத்துக் கற்றுத்தரும் ஆப்பில் நடத்தைக் கட்டமோ, குறைபாடு, குறைந்த வருமானம் போன்றவற்றைச் சொல்லும் சிறப்புக் குறியீட்டுக் கட்டமோ குறியிடப்பட்டிருந்தால் ஏன் என்று கேட்கலாம். அடுத்து டி (D) இணைப்பு, தகவலை எப்படி அழிப்பது என்பது. கடைசியாகத் தகவல் கசிந்தால் எத்தனை நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்ற வரி. முதல் பதிப்பில் அது 72 மணி நேரம்.

பட்டியலில் இல்லாத ஆப் ஒன்று வகுப்பில் ஓடினால் ஆசிரியர் மேல் பாய வேண்டாம். 'இந்த ஆப் அனுமதிப் பட்டியலில் தெரியவில்லையே, டிஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் இருக்கிறதா, இல்லாவிட்டால் பிள்ளைக்கு மாற்றுப் பயிற்சி தர முடியுமா' என்று மரியாதையாக இரண்டு வரி ஈமெயில் போடுங்கள். பெரும்பாலும் ஆசிரியருக்கே அப்படிப் பட்டியல் இருப்பது தெரிந்திருக்காது.

பள்ளி கொடுக்கும் லேப்டாப்

மத்திய நிதியில் இணையச் சலுகை பெறும் பள்ளிகள் தகாத படங்களைத் தடுக்கும் வடிகட்டி வைத்தே ஆக வேண்டும் என்பது 2000-ல் வந்த சிப்பா சட்டம். பல டிஸ்ட்ரிக்ட்கள் அதற்கு மேலேயும் போய், பிள்ளை தேடுவதையும் எழுதுவதையும் கண்காணிக்கும் கோகார்டியன், கேகிள் போன்ற சேவைகளைப் போட்டிருக்கின்றன. எந்தச் சேவை, எந்த நேரத்தில் இயங்குகிறது, எச்சரிக்கை யாருக்குப் போகும் என்று தொழில்நுட்ப அலுவலகத்தைக் கேட்கலாம். பென்சில்வேனியாவின் லோயர் மெரியன் டிஸ்ட்ரிக்ட், வீட்டுக்குக் கொடுத்த லேப்டாப்பின் கேமராவைத் தொலைவிலிருந்து இயக்கிப் படம் எடுத்த விவகாரம் 2010-ல் வெடித்து, 6,10,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள வேண்டி வந்தது.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியது எளிது. பள்ளி லேப்டாப்பில் உங்கள் ஜிமெயிலையோ பேங்கையோ திறக்காதீர்கள். வீட்டுக் கம்ப்யூட்டரின் குரோமில் பிள்ளையின் பள்ளிக் கணக்கைச் சேர்த்தால் அது தனி ப்ரொஃபைலாக இருக்கட்டும், ஏனென்றால் டிஸ்ட்ரிக்ட் கட்டாயமாக ஏற்றும் எக்ஸ்டென்ஷன்கள் அந்த ப்ரொஃபைலோடு சேர்ந்தே வரும். அதே ஜன்னலில் அம்மா டாக்டர் ரிப்போர்ட் தேடினால் அதுவும் பள்ளியின் வடிகட்டி வழியாகத்தான் போகும்.

பதிவேட்டைக் கேட்டுப் பார்ப்பது

முதல்வருக்கோ பதிவு அலுவலகத்துக்கோ தேதி போட்டு எழுதுங்கள். பிள்ளையின் முழுப் பெயர், மாணவர் எண், என்னென்ன பார்க்க வேண்டும் என்பது இருக்கட்டும்: காகிதக் கோப்பு, தகவல் அமைப்பின் அச்சு, ஒழுங்கு நடவடிக்கைப் பதிவு, சுகாதாரப் பதிவு, இருந்தால் சிறப்புக் கல்விக் கோப்பு. பலரும் மறப்பது இன்னொன்று: யாருக்கெல்லாம் கொடுத்தார்கள் என்ற வெளியீட்டுப் பதிவு. வெளியாருக்குக் கொடுத்ததைப் பொதுவாகக் குறித்து வைக்க வேண்டும் என்பது விதி (டைரக்டரி தகவலுக்கும் பள்ளி அலுவலருக்கும் விலக்கு). 45 நாட்களுக்குள் காட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் 5 வேலை நாட்கள். நகலுக்குக் காசு வாங்கலாம், தேடி எடுத்ததற்கு வாங்கக்கூடாது. ஆசிரியர் தன் நினைவுக்காக மட்டும் எழுதி யாருக்கும் காட்டாத குறிப்பு இதில் சேராது. பெற்றோர் பிரிந்திருந்தாலும், நீதிமன்ற உத்தரவு தடுக்காத வரை இருவருக்கும் இந்த உரிமை உண்டு.

தேதியோ பெயரோ நடந்த சம்பவமோ தப்பாக இருந்தால் திருத்தக் கேட்கலாம். மறுத்தால் விசாரணை கேட்கலாம். அதிலும் தோற்றால் உங்கள் தரப்பை எழுதி அதே பதிவோடு சேர்க்கச் சொல்லலாம். 'பி தந்திருக்கிறார், ஏ தந்திருக்க வேண்டும்' என்ற மதிப்பெண் சண்டைக்கு இந்த வழி உதவாது.

சிறப்புக் கல்விக் கோப்பில் மனநல மதிப்பீடு, குடும்ப விவரம் எல்லாம் இருக்கும், கசிந்தால் மிகவும் வலிக்கும் காகிதம் அதுதான். லாஸ் ஏஞ்சலஸ் டிஸ்ட்ரிக்ட்டின் கணினிகள் 2022 செப்டம்பரில் தாக்கப்பட்டு, பணம் தர மறுத்ததும், திருடர்கள் வெளியிட்ட குவியலில் சுமார் 2,000 மாணவர் மதிப்பீட்டுப் பதிவுகள் இருந்தன. இந்தக் கோப்பு இனித் தேவையில்லை எனும்போது டிஸ்ட்ரிக்ட் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்டால் அழிக்க வேண்டும். பெயர், மதிப்பெண், வருகை போன்ற அடிப்படைப் பதிவை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அழிக்கச் சொல்லும் முன் உங்களுக்கு ஒரு முழு நகல் எடுத்து வையுங்கள், கல்லூரியில் சலுகை கேட்கும்போது உதவும்.

சர்வே பற்றிச் சுருக்கமாக: பி.பி.ஆர்.ஏ. என்ற சட்டம் எட்டு விஷயங்களைத் தனியாக வைக்கிறது. அரசியல், மதம், வருமானம், மனநலம், பாலியல் நடத்தை, சட்டவிரோதச் செயல், குடும்பத்தினரைப் பற்றிய விமர்சனம், டாக்டர், வக்கீல் போன்றோருடனான உறவு. இவற்றைத் தொடும் சர்வே என்றால் முன்கூட்டிச் சொல்லி, பார்க்கக் கொடுத்து, விலகும் வாய்ப்புத் தர வேண்டும். மத்தியக் கல்வித் துறை நிதியில் நடக்கும் கட்டாய சர்வே என்றால் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

கசிவுக் கடிதம் வந்தால்

2024 டிசம்பரில் திருடிய பாஸ்வேர்டை வைத்து பவர்ஸ்கூலின் வாடிக்கையாளர் உதவித் தளத்துக்குள் புகுந்தவர்கள், அங்கிருந்தே பல டிஸ்ட்ரிக்ட்களின் மாணவர், ஆசிரியர் பட்டியல்களை அள்ளிப் போனார்கள். நிறுவனம் பணம் கொடுத்தது. அழித்துவிட்டோம் என்றவர்களின் பேச்சு நிலைக்கவில்லை, 2025 மே மாதம் டிஸ்ட்ரிக்ட்களுக்கே நேரடி மிரட்டல் வந்தது. அதிகம் அடிபட்டவை, என்றோ படித்து முடித்தவர்களின் விவரத்தையும் அழிக்காமல் வைத்திருந்த டிஸ்ட்ரிக்ட்கள். அதனால் நியூ ஜெர்சியிலிருந்து டெக்சஸுக்கு வந்து நாலு வருடம் ஆன பிறகும் பழைய ஊர் டிஸ்ட்ரிக்ட்டிலிருந்து கடிதம் வரலாம், போலி என்று உடனே தூக்கி எறிய வேண்டாம்.

கடிதத்தில் இருக்கும் லிங்க்கை அழுத்தாமல், டிஸ்ட்ரிக்ட் தளத்துக்கு நீங்களே போய் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எந்தெந்த விவரம் போனது என்ற பத்தியைப் படியுங்கள். பெயரும் வகுப்பும் மட்டும் என்றால் போர்ட்டல் பாஸ்வேர்டை மாற்றி, பள்ளி பேரைச் சொல்லி வரும் ஈமெயில்களில் கொஞ்ச நாள் கவனமாக இருந்தால் போதும். பிள்ளையின் சோஷியல் செக்யூரிட்டி எண் போயிருந்தால் கிரெடிட் ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது பிள்ளையின் பெயரில் வேறு யாரும் கடன் வாங்க முடியாதபடி கடன் பதிவைப் பூட்டி வையுங்கள். 2018 செப்டம்பர் முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பெற்றோர் இதை இலவசமாகச் செய்யலாம். ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் பதிவு நிறுவனங்களுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஒன்றில் செய்தால் மற்றதுக்குப் போகாது. பிறப்புச் சான்று, பிள்ளையின் எண் அட்டை, உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல் கேட்பார்கள். பிள்ளை பெரியவனாகி முதல் கடன் அட்டைக்கு விண்ணப்பிக்கும் வரை ஃப்ரீஸ் அப்படியே இருக்கட்டும். இரண்டு வருடம் இலவசக் கண்காணிப்பு என்று நிறுவனம் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது நடந்த பிறகு தகவல் சொல்லும், ஃப்ரீஸ்தான் நடக்காமல் தடுக்கும். எண்ணே இல்லாத எச்-4 பிள்ளைக்கு இந்த வேலை எதுவும் வேண்டாம். எண்ணைக் கொடுக்காமல் விட்ட கட்டத்தின் பலனும் இங்கேதான் தெரியும்.

புகார்

ஆசிரியர், முதல்வர், டிஸ்ட்ரிக்ட்டின் பதிவு அல்லது தகவல் அதிகாரி, பிறகு போர்டு என்று எழுத்திலேயே மேலே போங்கள். தீராவிட்டால் மத்தியக் கல்வித் துறையின் மாணவர் தனியுரிமை அலுவலகத்துக்கு, மீறல் நடந்ததாகத் தெரிந்த 180 நாட்களுக்குள். ஃபெர்பாவை வைத்துப் பெற்றோர் நேரடியாக வழக்குப் போட முடியாது என்று 2002-ல் கொன்சாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிதியை நிறுத்தும் அதிகாரம் ஏட்டில் உண்டு, நடைமுறையில் இனிமேல் இப்படிச் செய்யாதே என்று திருத்தச் சொல்வதோடு முடியும். தப்பு நிறுவனத்தின் பக்கம் என்றால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகமே வேகம்.

ஊர் மாறும்போது

புதிய பள்ளி கேட்டால் பழைய பள்ளி உங்கள் சம்மதம் இல்லாமலே பதிவை அனுப்பலாம், என்ன போனது என்று ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். டைரக்டரி மறுப்பு புதிய டிஸ்ட்ரிக்ட்டுக்குக் கூட வராது, சேர்ந்த வாரமே புதிதாகக் கொடுக்க வேண்டும். பழைய டிஸ்ட்ரிக்ட் மட்டும், படிக்கும்போது கொடுத்த மறுப்பைப் பிள்ளை போன பிறகும் மதிக்க வேண்டும். பிள்ளை தானே கணக்குத் தொடங்கிய ஆப் எதுவும் இருந்தால் அதை நீங்களே அழியுங்கள், டிஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் உள்ளவற்றுக்குப் பழைய பள்ளிக்கு எழுதுங்கள், அவற்றை அழிக்க நிறுவனத்திடம் அவர்கள்தான் சொல்ல வேண்டும். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் முன் பள்ளி கூகுள் கணக்கில் உள்ள கட்டுரைகளையும் படங்களையும் டேக்அவுட் என்ற கூகுள் வசதி மூலம் இறக்கி வையுங்கள். சில டிஸ்ட்ரிக்ட்கள் அந்த வசதியை அடைத்து வைத்திருக்கும், அப்போது கடைசி வாரத்துக்கு முன்பே தொழில்நுட்ப அலுவலகத்தில் கேட்டால் திறந்துவிடுவார்கள் அல்லது கோப்புகளைத் தனியாக எடுத்துக் கொடுப்பார்கள். கணக்கு மூடியபின் கேட்டால் கிடைக்காது.